பட்டாவில் ஏர், பத்திரத்தில் சென்ட்: மெட்ரிக் அளவையால் லாபமா நஷ்டமா?

4 மே, மாலை 6.10 (வாசகர் கேள்வி)

என் மகள் ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மெட்ரிக் அளவைதான் எளிது, உலகத்தில் பெரும்பாலான நாடுகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன என்று படித்துவிட்டு வந்து, "அப்படின்னா நீங்க ஏன் வீட்டை சதுர அடியில சொல்றீங்க, என் உயரத்தை அடியில சொல்றீங்க, நிலத்தை சென்ட்ல சொல்றீங்க?" என்று கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை. சட்டம் போட்டு அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் மக்கள் மாறவில்லை என்றால் குறை அந்த அளவையில்தானே இருக்க வேண்டும்? கை, கால், பாதம் இவற்றிலிருந்து பிறந்த அளவுகள்தான் மனிதனுக்குச் சரிப்படும் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

4 மே, இரவு 10.25

மறுக்கிறேன். கும்பகோணம் பக்கம் கட்டட வேலையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன், அடியும் மீட்டரும் தினமும் கையில் புழங்குகின்றன, நான் மெட்ரிக் பக்கம்தான்.

தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளளவு 10 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி ஆழம் என்று ஒரு சம்ப். எத்தனை லிட்டர் பிடிக்கும்? 300 கன அடி என்பது வரைக்கும் மேஸ்திரி வாயாலேயே சொல்லிவிடுவார், அதற்கப்புறம் 28.3 ஆல் பெருக்க போனைத் தேடுவார், கிட்டத்தட்ட 8,500 என்று வரும். அதையே 3 மீட்டர், 2 மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று தோண்டச் சொன்னால் 9 கன மீட்டர், 9,000 லிட்டர், நிரம்பினால் 9 டன் எடை. நீளம், கொள்ளளவு, எடை மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. தரை அந்த எடையைத் தாங்குமா என்ற அடுத்த கேள்விக்கும் அங்கேயே போய்விடலாம்.

மழை இன்னும் அழகு. 1 மில்லிமீட்டர் மழை 1 சதுர மீட்டரில் விழுந்தால் சரியாக 1 லிட்டர். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது நான் வேலைக்குப் புதிது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் "இந்தக் குழாயெல்லாம் எதுக்குங்க, எவ்வளவு தண்ணி வந்துடப் போகுது" என்பார். சென்னையில் சராசரியாக வருடத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. மொட்டைமாடி 100 சதுர மீட்டர் என்றால் 1,40,000 லிட்டர். இரண்டு பூஜ்யத்தைச் சேர்ப்பதைத் தவிர இதில் கணக்கே கிடையாது. அந்த எண்ணைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதிக் காட்டியபிறகு எதிர்த்துப் பேசியவர்கள் குறைவு.

கம்பியும் அப்படித்தான். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். 12 எம்எம் கம்பி என்றால் 144 வகுத்தல் 162, சுமார் 890 கிராம். 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று பத்தே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. லாரியில் இறங்கும் கம்பியை எண்ணினாலே எடை மேடையில் ஏமாற்றினார்களா இல்லையா என்று தெரிந்துவிடும். அடியிலும் ராத்தலிலும் இதைச் செய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மாற்று எண் நிற்கும், அதை மனப்பாடம் செய்தவன்தான் தாண்ட முடியும்.

5 மே, காலை 7.50

"கை கால் அளவு மனிதனுக்கு இயல்பு" என்பதற்கு நேற்று பதில் சொல்லாமல் விட்டேன். யாருடைய கை?

எங்கள் பாட்டியிடம் இரண்டு படி இருந்தன, ஒன்று சின்னப்படி, இன்னொன்று பெரிய படி. இரண்டுமே "ஒரு படி"தான். ஊருக்கு ஊர் படி மாறியது, பட்டணம் படி என்று தனியாக ஒன்று. நெல் கடனாக வாங்கும்போது எந்தப் படி, திருப்பிக் கொடுக்கும்போது எந்தப் படி என்பதைக் கேட்டுக்கொள்ளாதவன் பாடு திண்டாட்டம். படி குவித்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா என்பது அடுத்த சண்டை. இதை எல்லாம் ஒரே அடியில் தீர்த்து வைத்தது 1956ஆம் வருடத்து எடை, அளவைச் சட்டம். 1958 அக்டோபரில் கிலோ நடைமுறைக்கு வரத் தொடங்கி 1962க்குள் படியும் வீசையும் சட்டப்படி போய்விட்டன. அதற்கு முன்னாலேயே, 1957 ஏப்ரல் 1 அன்று, ரூபாய்க்கு 16 அணா, 192 பை என்று இருந்த கணக்கு 100 நயா பைசா ஆனது.

மக்கள் மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்குக் கடையில் போய் யாராவது "அரை வீசை வெல்லம்" என்று கேட்கிறார்களா? நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு, எல்லாம் போயே போய்விட்டது. கத்தரிக்காய் கிலோ, பால் லிட்டர், துணி மீட்டர். மக்கள் மாறினார்கள்.

5 மே, மதியம் 1.15

மூன்றால் வகுக்க முடியாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு அடியை மூன்றாக்கினால் நாலு அங்குலம், ஒரு மீட்டரை மூன்றாக்கினால் 33.333 என்று ஓடிக்கொண்டே இருக்கும். உண்மை. 10ஐ 2 ஆலும் 5 ஆலும்தான் வகுக்க முடியும், 12ஐ 2, 3, 4, 6. இது அடிக்கணக்கின் நிஜமான பலம், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மீட்டரை யார் மூன்றாக வெட்டுகிறார்கள்? பட்டறையில் நாங்கள் வெட்டுவது 1,200 மில்லிமீட்டர். மூன்றாக்கினால் 400, நாலாக்கினால் 300, ஆறாக்கினால் 200. 600, 900, 1200, 2400 என்றுதான் மெட்ரிக் நாடுகளிலும் பலகை, கதவு, ஓடு எல்லாம் செய்கிறார்கள். பன்னிரண்டின் சௌகரியத்தை மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை.

5 மே, இரவு 11.05

நிலத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன். இதில் எனக்குச் சொந்தமாக ஒரு காயம் இருக்கிறது.

பெரியப்பாவுக்கு ஆற்றுக்கு வடகரையில் கொஞ்சம் நன்செய். தாத்தா வாங்கிய பத்திரத்தில் ஐம்பத்தைந்தரை சென்ட் என்று எழுத்தாலும் எண்ணாலும் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கடன் விஷயமாகக் கணினிப் பட்டா எடுத்தார். அந்தத் தாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: புல எண், உட்பிரிவு, அப்புறம் பரப்பு என்ற தலைப்பின்கீழ் "ஹெக் - ஏர்" என்று சின்னதாகப் போட்டு அதன்கீழ் எண். பெரியப்பா தாளில் இருந்தது 0 - 22.50. பூஜ்யம் ஏக்கர், இருபத்திரண்டரை சென்ட் என்று படித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது, எழுபது வருடமாக அவர் பார்த்த எல்லாத் தாளும் ஏக்கர் - சென்ட் என்றுதானே இருந்தது.

ஐம்பத்தைந்தரையில் இருபத்திரண்டரை போனால் முப்பத்து மூன்று. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கணக்கில் முப்பத்து மூன்று சென்ட் என்பது ஒரு மா. "என் நிலத்துல ஒரு மா காணோம்" என்று ஆரம்பித்தவர், மேற்கே வரப்பை ஒட்டியிருந்த பங்காளிதான் அதை அவர் பேரில் ஏற்றிக்கொண்டார் என்ற முடிவுக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டார். காணாமல் போனது கச்சிதமாக ஒரு மா என்றதும் சந்தேகம் அவருக்கு நிச்சயமாகிவிட்டது. இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவருடைய மனைவி இறந்தபோது பெரியப்பா தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பினார்.

எனக்கு விஷயம் தெரிந்தது போன வருடம். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன்: ஒரு ஹெக்டேர் 100 ஏர், ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஒரு ஏருக்கு இரண்டரை சென்ட் என்று வைத்துக்கொண்டால் இருபத்திரண்டரை ஏர் ஐம்பத்தாறே கால் சென்ட். குறையவே இல்லை, முக்கால் சென்ட் அதிகமாகவே இருக்கிறது என்றேன்.

நம்பவில்லை. "குறைஞ்சதை நீ கணக்குப் போட்டுக் கூட்டிக் காட்டுறே" என்றார். இந்த இடத்தில் அந்த ஏர் என்ற ஒற்றைச் சொல்லின்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதி முடியாது.

6 மே, காலை 6.30

திருத்தம். ஒரு ஏர் இரண்டரை சென்ட் அல்ல, 2.47 சென்ட். நேற்று எழுதியதைப் பார்த்து இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள், சரியாகவே சொன்னார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு ஏர் 1,076 சதுர அடி. 22.50 ஐ 2.47 ஆல் பெருக்கினால் 55.6 சென்ட், பத்திரத்தோடு பொருந்துகிறது. முக்கால் சென்ட் அதிகம் என்று நான் பெரியப்பாவிடம் சொன்னது தப்பு. அந்தச் சின்ன அதிகம்தான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நிலம் விஷயத்தில் உத்தேசக் கணக்கு வேண்டாம். ஒரு ஹெக்டேருக்கு 250 என்று போட்டால் 3 சென்ட் கூடுகிறது, ஊருக்குள் அது ஒரு வீட்டு மனை.

7 மே, இரவு 9.40

இரண்டு அளவையும் ஒரே வேலையில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கையாலேயே நடந்தது ஒன்று.

ஒரு வீட்டில் கூடம் 20 அடிக்கு 10 அடி. வீட்டுக்காரர் "இரண்டுக்கு இரண்டு" டைல்ஸ் என்று முடிவு செய்திருந்தார். 200 சதுர அடி, டைல் ஒன்று 4 சதுர அடி, 50 டைல், உடைசலுக்கு இரண்டு என்று 52 சொல்லிவிட்டேன். ஒட்ட ஆரம்பித்து நீளவாக்கில் பத்தாவது டைல் வைத்து முடித்தபோது சுவருக்கும் டைலுக்கும் நடுவே என் நாலு விரல் போகிறது. கடையில் "இரண்டுக்கு இரண்டு" என்று விற்கும் டைல் 600 மில்லிமீட்டர். இரண்டடி என்பது 609.6. பத்து டைலில் 96 மில்லிமீட்டர் விழுந்துவிட்டது. அகலவாக்கில் 48 மில்லிமீட்டர். அந்த 48 மில்லிமீட்டர் பட்டியை அறுக்கப் போனால் மூன்றில் ஒன்று உடைகிறது, வைத்திருந்த உபரி இரண்டும் ஒரு மணி நேரத்தில் தீர்ந்தன. திரும்பக் கடைக்குப் போனால் அதே டிசைன் வேறு பேட்ச், நிறம் ஒரு துளி மங்கல். இன்றைக்கும் அந்த வீட்டில் காலை வெயில் சாய்வாக விழும்போது அந்த ஓரம் தனியாகத் தெரியும். என் பணத்தில் மாற்றித் தருகிறேன் என்றேன், அவர் பெருந்தன்மையாக வேண்டாம் என்றுவிட்டார்.

எட்டுக்கு நாலு பிளைவுட்டும் இதே பேச்சுதான், ஆனால் அது உள்ளபடியே எட்டுக்கு நாலு, 2440க்கு 1220. இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் ஒரே பாஷையில் விற்கின்றன!

1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்ததை நினைக்கும்போது இதெல்லாம் ஒன்றுமில்லை. அப்போது கனடா மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். ஏர் கனடாவின் புதிய போயிங் 767, மான்ட்ரியாலிலிருந்து எட்மன்டனுக்கு. எரிபொருள் மானி வேலை செய்யாததால் குச்சி விட்டு அளந்தார்கள், தொட்டியில் 7,682 லிட்டர். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.8 ஆல் பெருக்க வேண்டும், அவர்கள் பழக்கத்தில் இருந்த 1.77 ஆல் பெருக்கினார்கள். அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு எடை என்கிற எண். வந்த விடையைக் கிலோ என்று எடுத்துக்கொண்டு குறைவுக்கு மட்டும் நிரப்பினார்கள், வேண்டியதில் பாதிதான் இருந்தது. நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்றன. விமானி அதைச் சறுக்கிக்கொண்டே கொண்டுவந்து கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட ஓடுதளத்தில் இறக்கினார், 69 பேரும் பிழைத்தார்கள். 1999இல் செவ்வாய்க்குப் போன அமெரிக்க விண்கலம் ஒன்று பிழைக்கவில்லை. தரையில் ஒரு மென்பொருள் பவுண்டுக் கணக்கில் கொடுத்த எண்ணை இன்னொன்று நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டதால் அழிந்தது அது.

மெட்ரிக் கெட்டதும் அல்ல, அடி கெட்டதும் அல்ல. எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எழுதாத தாள்தான் கெட்டது.

9 மே, இரவு 10.10

மேலே கடைசியாக எழுதியதை இரண்டு நாள் யோசித்தேன். அது கொஞ்சம் சுலபமாகத் தப்பித்துக்கொள்கிற பதில். மெட்ரிக்குக்கென்றே சில குறைகள் இருக்கின்றன, அந்தப் பக்கம் நிற்கிறவன்தான் அதைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பெயர். வீசை, பலம், உழக்கு, மரக்கால், முழம், சாண் எல்லாம் தனித்தனிச் சொற்கள், ஒன்று இன்னொன்றாகக் காதில் விழாது. மெட்ரிக்கில் முன்னால் ஒட்டுகிற சொல்தான் அளவையே சொல்கிறது, நாமோ பேச்சில் பின்பாதியை வெட்டிவிடுகிறோம். கொத்தனாருக்கு மில்லி என்றால் நீளம், மருந்துக்கடையில் மில்லி என்றால் திரவம், மாத்திரை அட்டையில் மில்லி என்றால் எடை. மூன்றும் மில்லி. கிலோ என்றால் ஆயிரம் என்றுதான் அர்த்தம், நமக்கு அது எடையின் பெயர். அடிப்படை அலகுகளிலேயே கிலோகிராமுக்கு மட்டும்தான் பெயரிலேயே ஆயிரம் ஒட்டியிருக்கிறது என்பதும் அந்த அமைப்பின் கோணல்தான்.

என் மகனுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல். வீட்டில் சொட்டு மருந்து இருந்தது, 1 மில்லியில் 100 மில்லிகிராம். அதற்கு முன்னால் பெரியவளுக்கு வாங்கிய சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம். மருந்து ஒன்றுதான், பாட்டில் வேறு. அம்மா சிரப்புக்கு ஊற்றுகிற வழக்கத்தில் 5 மில்லி மூடியில் சொட்டு மருந்தை ஊற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். 125 போக வேண்டிய இடத்தில் 500. மூடி நிறைய இருந்ததைப் பார்த்து, இவ்வளவு இருக்காதே என்று என் மனைவி தட்டிவிட்டதால் பிழைத்தோம். சங்கில் கால் பாலாடை, அரைப் பாலாடை என்று ஊற்றிய காலத்தில் துல்லியம் இல்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது.

புள்ளியும் ஆபத்து. 0.5 இல் புள்ளி மங்கினால் 5, பத்து மடங்கு. அரை என்ற சொல் அப்படி மங்காது. நம்மிடம் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்குகிற பெயர்கள் இருந்தன. ஏறக்குறைய முழுவதும் என்பதற்கு இன்றைக்கும் "முக்காலே மூணு வீசம்" என்கிறோம், முக்காலும் பதினாறில் மூன்றும், பதினாறில் பதினைந்து. அரைக் கிலோ, கால் லிட்டர் என்று மெட்ரிக்கை நம் மக்கள் உடனே நம் பின்னத்துக்குள் இழுத்துக்கொண்டதால்தான் அது காய்கறிக் கடையில் நிலைத்தது என்பது என் அனுமானம். ஆசாரி ஒரு அங்குலத்தை எட்டு நூலாக்கி "மூணு நூல் இறக்கு" என்பார். அரைக்கால் அரைக்காலாக இறங்குவதும் அதே புத்திதான்.

இரண்டாவது, நடுவில் ஒன்றும் இல்லை. விரல் நகம் அளவுக்கு சென்டிமீட்டர் இருக்கிறது, பெரிய எட்டு அளவுக்கு மீட்டர் இருக்கிறது. கைக்கு அடக்கமான ஒன்று? டெசிமீட்டர் என்று புத்தகத்தில் இருக்கிறது, அந்தச் சொல்லை வேலை இடத்தில் ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. கட்டட வரைபடத்தில் சென்டிமீட்டரும் கிடையாது, எல்லாம் மில்லிமீட்டர். ஜன்னல் 1350 என்று எழுதியிருந்தால் சித்தாளுக்கு அது ஓர் எண். நாலரை அடி என்றால் தன் மார்பைத் தொட்டுக் காட்டுவார். கேள்வி கேட்டவர் சொன்ன "மனிதனுக்குச் சரிப்படும்" என்பது இந்த ஒரு இடத்தில் மட்டும் நிஜம், 4ஆம் தேதி நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

10 மே, காலை 8.00

தங்கம் முழுக்க மெட்ரிக் ஆகிவிட்டதே என்று கேட்டிருக்கிறார் ஒருவர். கிராம் வந்தது, பவுன் போகவில்லை. பவுன் என்பது இங்கிலாந்துத் தங்க நாணயம், அதன் எடை 7.988 கிராம். நாம் அதை 8 கிராம் என்று முழுசாக்கிக்கொண்டோம். பழைய பெயர், புது எடை, ஒருத்தருக்கும் சண்டை இல்லை. அதிகாரிகள் "ஏர்" என்று ஒரு சொல்லைக் கொண்டுவந்து திணித்ததற்குப் பதில் சென்ட்டை 40 சதுர மீட்டர் என்று முழுசாக்கியிருந்தால்? ஒரு சென்ட் இப்போது 40.47 சதுர மீட்டர். ஆனால் நிலத்தில் அப்படி முழுசாக்க முடியாது, நூறு சென்ட் வைத்திருப்பவருக்கு நூற்றியொன்றுக்கு மேல் ஆகிவிடும், பத்திரம் எல்லாம் பொய்யாகும். இதைக் கேள்வியாக எழுத ஆரம்பித்து நானே பதிலுக்கு வந்துவிட்டேன், இருக்கட்டும்.

இதிலிருந்து இன்னொன்று தோன்றுகிறது. அன்றன்றைக்கு வாங்கித் தீர்ந்துபோகிற பொருளெல்லாம் மாறிவிட்டன: அரிசி, பால், எண்ணெய், பெட்ரோல். வீட்டிலேயே தங்குகிற பொருள் மாறவில்லை: நிலம், வீடு, நகை. பழைய தாள், பழைய கல், பழைய நகை எங்கே இருக்கிறதோ அங்கே பழைய அளவும் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு என் பதில் இதுதான். அவளுடைய உயரம் ஏன் அடியில் இருக்கிறது என்பதற்கு மட்டும் இது பொருந்தவில்லை.

10 மே, இரவு 9.20

துணியை மீட்டரில் வாங்கி, அதே துணியைத் தையல்காரர் அங்குல டேப்பில் அளந்து தைக்கிறார் என்று என் மனைவி சொல்கிறாள். உடம்பைத் தொட்டு அளக்கிற இடத்தில் அங்குலம். உயரத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

12 மே, மாலை 5.30

விஷயத்தை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். நேற்று தஞ்சாவூரில் ஒரு வேலை, முடிந்தபின் பெரிய கோயிலுக்குப் போனேன். அங்குள்ள கல்வெட்டுகளில் நெல் அளக்கும் மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். இறைவன் பெயரையே அளவுக்கு வைத்துவிட்டால் யாரால் குறைத்து அளக்க முடியும்! சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றின் சுவரில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோடாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் கோலைக் கொண்டுபோய் அந்தக் கோட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பாரிஸில் வோஜிரார் தெருவில் ஒரு சுவரில் பளிங்கில் ஒரு மீட்டர் நீளத்தைப் பதித்து வைத்திருக்கிறார்கள், புரட்சிக்குப் பின் மீட்டர் புதிதாக வந்தபோது ஜனங்கள் பழகுவதற்காக வைத்தது, இன்றும் இருக்கிறது. அங்கும் ஊருக்கு ஓர் அளவு, சீமானுக்கு ஓர் அளவு என்று இருந்து சனங்கள் நொந்துபோய்க் கேட்டதுதான் மெட்ரிக். பூமியையே அளந்து எடுத்தால் அது எந்த ராஜாவுடையதாகவும் இருக்காது என்று வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையான தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்றார்கள். தெலாம்ப்ர், மெஷான் என்று இரண்டு பேர் 1792இல் கிளம்பி, டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை ஏறக்குறைய ஏழு வருடம் அளந்தார்கள். பார்சிலோனாவில் தன் அளவுகள் ஒன்றோடு ஒன்று பொருந்தாததை மெஷான் வெளியே சொல்லாமல் மறைத்து, அந்த வேதனையிலேயே மிச்ச நாளைக் கழித்தார். பூமி அவர்கள் நினைத்த வடிவத்தில் இல்லாததாலும் சேர்ந்து மீட்டர் 0.2 மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டது. அந்தக் குட்டை மீட்டரைத்தான் உலகம் ஏற்றுக்கொண்டது, இப்போது ஒளியின் வேகத்தை வைத்து அதே நீளத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மெட்ரிக்மேல் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. மீட்டர் பூமிக்கு எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது என்பது பெரிதில்லை. என் டேப்பும் உங்கள் டேப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ராஜராஜனுக்கும் அதே கவலை இருந்திருக்கிறது.

13 மே, காலை 7.10

பூக்காரம்மாவிடம் முழம் ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்கிறார்கள். மொத்த வியாபாரம் கிலோவில் நடக்கிறது, தொடுத்தபின் முழம். நெருக்கித் தொடுத்ததா, கலக்கத் தொடுத்ததா என்பதைக் கண்ணால் பார்த்து வாங்குகிற பொருளுக்கு டேப் எதற்கு? இங்கே மட்டும் யாருடைய கை என்ற என் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எதிரிலேயே நிற்கிறவருடைய கை.

18 மே, இரவு 10.50

இன்னொரு திருத்தம், இது பெரியது. பத்துப் பத்தாகப் போவது மெட்ரிக்கின் தனிச் சொத்து என்பது போல நான் மேலே எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் தாத்தா காலத்துப் புல வரைபடம் ஒன்று கிடைத்தது. அதில் பக்க அளவுகள் மீட்டரிலும் இல்லை, அடியிலும் இல்லை. லிங்க்ஸ்.

சர்வே சங்கிலி 66 அடி, அதற்கு 100 லிங்க்ஸ், அதாவது கண்ணி. இங்கிலாந்தில் கன்ட்டர் என்பவர் 1620இல் வகுத்தது. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஆகவே நீளத்தையும் அகலத்தையும் லிங்க்ஸில் பெருக்கி மூன்று தானம் தள்ளிப் புள்ளி வைத்தால் சென்ட். மெட்ரிக் பிறப்பதற்கு நூற்று எழுபது வருடத்துக்கு முன்னாலேயே அடிக்கணக்குக்காரர்கள் பத்தின் சௌகரியத்தைக் கண்டுபிடித்து நிலத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சென்ட் என்பதே நூறில் ஒன்று. நம் மேஸ்திரிகள் சொல்லும் "சதுரம்"கூட 100 சதுர அடிதான். 100 குழி ஒரு மா. சென்ட் ஏன் போகவில்லை என்றால் அது ஏற்கெனவே பாதி மெட்ரிக் மாதிரி நடந்துகொள்கிறது, அதை விட்டு ஏருக்குப் போக ஜனங்களுக்குக் காரணம் இல்லை.

வரைபடத்தில் வடபக்கம் 248, மேற்கே 224 என்று மங்கலான மையில் இருக்கிறது. பெருக்கினால் 55,552. மூன்று தானம் தள்ளினால் 55.55 சென்ட். பத்திரத்தின் ஐம்பத்தைந்தரை.

இதைப் பெரியப்பாவிடம் காட்டினேன். என் காலண்டர் தாளை நம்பாதவர் அந்தப் பழைய மையை நம்பினார். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அளந்துடலாம்" என்றார்.

2 ஜூன், இரவு 8.15

இன்று அளந்தார்கள். மனு கொடுத்து, கட்டணம் கட்டி, நில அளவர் வந்தார். முப்பது மீட்டர் டேப். தென்மேற்கு மூலைக் கல் மண்ணுக்குள் போயிருந்தது, கடப்பாரையால் தட்டித் தட்டிப் பார்த்து ஒரு முழ ஆழத்தில் எடுத்தோம், தலையில் வெட்டிய கோடு அப்படியே இருந்தது. வடபக்கம் 50 மீட்டர், மேற்கே 45 மீட்டர், சில சென்டிமீட்டர் முன்பின். ஐம்பதும் நாற்பத்தைந்தும் 2,250 சதுர மீட்டர், இருபத்திரண்டரை ஏர். போனையும் எடுக்கவில்லை, பேனாவையும் எடுக்கவில்லை, பெரியப்பாவே வாயால் பெருக்கினார்.

மேற்கு வரப்பில் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது பங்காளிதான். அவரையும் நில அளவர் முறைப்படி வரச் சொல்லியிருந்தார். டேப் நடுவில் தொய்ந்தது. பெரியப்பா அந்தப் பக்கம் பார்த்து, "கொஞ்சம் இழுத்துப் புடி" என்றார். அவர் இழுத்துப் பிடித்தார்.